நாற்பத்துமூன்று பாவாயி

"உங்க பேர்ல எத்தனை சிம் கார்டு ஓடுதுன்னு தெரியுமாம்மா?"

செல்போன் கம்பெனியிலிருந்து சரிபார்க்க வந்த ஆபீசர் அர்த்தனாரி இப்படிக் கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற ஜாபர் உசேனை முறைத்தார்.

ஜாபர், அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சியில் சிம் கார்டு விற்பவர். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மலைக்காரப் பெண்ணின் வாக்காளர் அட்டையை நகலெடுத்து வைத்துக்கொண்டு, எவனெவனுக்கோ சிம் விற்றிருக்கிறார். இன்று வசமாக மாட்டிக்கொண்டார் என்று அர்த்தனாரி நினைத்தார்.

வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த பாவாயி நிமிர்ந்தாள்.

"நாப்பத்தி மூணுங்க."

அர்த்தனாரி பட்டியலைப் பார்த்தார். நாற்பத்துமூன்றுதான்.

"உங்ககிட்ட எத்தனை போன் இருக்கு?"

"போனெல்லாம் இல்லீங்க. எனக்கு எதுக்குங்க?"

ஜாபர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப சிம் எல்லாம் யாருகிட்ட இருக்கு?"

"எங்க தேவனூர் நாட்டுப் புள்ளைங்ககிட்டத்தானுங்க. பெங்களூரு, கேரளான்னு வேலைக்குப் போயிருக்குதுங்க. சிம்முக்குப் போட்டோ போட்ட கார்டு வேணும்னுட்டாங்க. இந்த ஊருல ஓட்டுக் கார்டெல்லாம் போட்டோ மாறிக் கெடக்குதுங்க. சின்னக்கண்ணு கார்டுல பூசாரி மூஞ்சி. பூசாரி கார்டுல யாரோ ஒரு பொம்பளை. என் கார்டுல மட்டுந்தான் நானே இருக்கறேன். அதான், என்னுதையே வச்சுக்குங்க பாய்னு நாந்தான் குடுத்தேன்."

அர்த்தனாரிக்குத் தலை சுற்றியது.

"அம்மா, ஒரு காலத்துல சிம் கார்டைக் கடலை மிட்டாய் மாதிரி வித்தாங்க. இப்ப 2007. போட்டோ, விலாசம், கையெழுத்து எல்லாம் சரியா இருக்கணும். நாளைக்கு இதுல ஒருத்தன் யாரையாவது போன்ல மிரட்டினா, போலீஸ் உங்களைத்தான் பிடிக்கும்."

"வரட்டுங்க. எந்த நம்பருன்னு சொன்னா, எந்த ஊடுன்னு நாங் காட்டறேன்."

"அப்படியா? கடைசி மூணு நம்பர் முந்நூத்திப் பதினேழு. யாரு?"

"ராசு பையனுங்க. பெங்களூருல டைல்ஸ் ஒட்டறான்."

"அறுநூத்தி நாலு?"

"அண்ணாமலை. கேரளாவுல மிளகு பறிக்கறான். இங்க பறிக்கத்தான் ஆளில்லீங்க."

"நானே போன் பண்ணிப் பார்க்கிறேன்" என்று அர்த்தனாரி எழுந்தார்.

அங்கே சிக்னல் இல்லை. சாமைக் காட்டுக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறினால்தான் கிடைக்கும். பாவாயி விறுவிறுவென்று ஏறிவிட்டாள். அர்த்தனாரி பளபளக்கும் ஷூவோடு, கையையும் ஊன்றித் தவழ்ந்து ஏறினார். பின்னாலேயே ஜாபரும் வந்தார்.

ஸ்பீக்கரைப் போட்டு, முந்நூத்திப் பதினேழை அழைத்தார்.

"ஹலோ, யார் பேசறது?"

தகரத்தை அறுப்பது போல ஓர் ஆண் குரல் வந்தது.

"பாவாயி பேசறேனுங்க."

அர்த்தனாரி போனை ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

"பாவாயின்னா பொம்பளைதானே?"

"ஆமாங்க. சளி புடிச்சிருக்குதுங்க."

"உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?"

"புருசன் பேரை எப்படிங்க என் வாயால சொல்றது?"

பாவாயி, பையன் கெட்டிக்காரன் என்பதுபோலத் தலையாட்டினாள்.

அடுத்து அறுநூத்தி நாலு. அதுவும் பாவாயிதான்.

"இப்ப எங்க இருக்கீங்க பாவாயி?"

"ஊட்டுலதானுங்க."

பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்: "எடா அண்ணாமலே, வாடா!"

"கம்பெனியிலேர்ந்து கேட்டா, கார்டுல இருக்கிற பேரைச் சொல்லுங்கன்னு நான்தான் சொல்லி வச்சேன் சார்" என்றார் ஜாபர், மெல்லிய குரலில்.

அர்த்தனாரி பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதாக ஒரு நம்பரை அழுத்தினார்.

"பாவாயி பேசறேங்க." சின்னப் பெண்ணின் குரல்.

"பொய்! பாவாயி இதோ என் முன்னாடி நிக்கிறாங்க. இன்னிக்கே எல்லா நம்பரையும் கட் பண்ணப்போறேன்."



"சார், சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்கம்மா போனை எடுத்துக்கிட்டுப் பாறைக்கு வருவாங்க. ஒரே ஒரு தடவை பேசிக்கறேன். அதுக்கப்புறம் கட் பண்ணிக்குங்க."

"பானுமதியோட மவளுங்க" என்றாள் பாவாயி. "நூல் மில்லுல வேலை, அங்கயே ஹாஸ்டல்ல இருக்குது. ஒரு வருசமா ஊருக்கு விடமாட்டேங்கறாங்க."

அர்த்தனாரி போனை அணைத்துப் பையில் போட்டார். பாறை மேலேயே உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்.

"ரூல்னா ரூல்தான். நடந்ததை நடந்தபடி எழுதித்தான் ஆகணும்."

"என்னை வேணும்னாப் புடிச்சுட்டுப் போங்க சாமி. புள்ளைங்க சிம்மை மட்டும் விட்டுருங்க."

அர்த்தனாரி அவளிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு, மறுபடி தவழ்ந்தே இறங்கினார்.

ஜீப் மலையிறங்கத் தொடங்கியது. பாதி வழியில் ஜாபரால் பொறுக்க முடியவில்லை.

"சார், என் கடையை வேணும்னா மூடிடுங்க. அந்தம்மா மேல கேஸ் மட்டும் வேண்டாம் சார்."

அர்த்தனாரி திரும்பிப் பார்க்காமல் தாளை நீட்டினார்.

"கடைக்காரர் கையெழுத்தும் வேணும். படிச்சுட்டுப் போடுங்க."

ஜாபர் வாங்கிப் படித்தார்.

'சந்தாதாரரை நேரில் சந்தித்தேன். சோதனைக்காக அழைத்த எல்லா எண்களிலும் பாவாயியே பேசினார். இத்தனை சிம் எதற்கு என்று விசாரித்ததில், அம்மையார் சற்று வாயாடி என்று தெரியவருகிறது.'