பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

லிஃப்ற் மேலே ஏறிக்கொண்டிருந்தபோது, வெள்ளைப் பூங்கொத்தில் ஒட்டியிருந்த விலைத்துண்டை நிலாணி நகத்தால் சுரண்டி எடுத்தாள். பொட்டு வைக்கவில்லை. செத்தவீட்டில் என்ன சொல்லவேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே இரண்டு மூன்று வசனங்களை மனத்துக்குள் அமைத்துப் பார்த்திருந்தாள். ஒன்றும் சரியாக வரவில்லை.

காலையிலிருந்து வெயார்ஹவுஸில் பெட்டி அடுக்கிய தோள் வலித்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம். ஆனால் வராமல் இருக்கவும் மனம் கேட்கவில்லை.

அவள் போகும் மாலை ஓவிய வகுப்பில் ஒவ்வொரு கிழமையும் ஒரு வேலை உண்டு. இந்தக் காலத்தில் வரைந்துகொண்டிருக்கும் ஓவியர் ஒருவரை இணையத்தில் தேடிப் பிடித்து, அவருடைய படம் தனக்குள் என்ன செய்தது என்று எழுதவேண்டும். இந்தக் கிழமை அகப்பட்டவள் சுபாங்கி. டோர்செட் பார்க்கில் இருப்பவள். அவளுடைய பக்கத்தை அதிகம் பேர் பார்ப்பதில்லை.

முந்தின நாள் ஏற்றிய படம். கரியால் வரைந்த ஒரு முதியவரின் முகம். 'இந்த முகம் களைத்துப்போயிருக்கிறது. ஆனாலும் யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது' என்று எழுதிவிட்டுத்தான் நிலாணி படத்துக்குக் கீழே பார்த்தாள்.

'அளவெட்டியைப் பிறப்பிடமாகவும், கனடா ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட விநாயகமூர்த்தி.'

மரண அறிவித்தல்களில் வரும் அதே வசனம். அதற்கும் கீழே அனுதாபங்கள், பூக்கள், கூப்பிய கைகள். இறந்துபோனவர் யாரை எதிர்பார்ப்பார்? தனக்குப் படம் பார்க்கவே தெரியவில்லை என்று நிலாணிக்குப் பட்டது. எழுதியதை அழித்துவிட்டு, எல்லோரையும் போல 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று போட்டாள்.

அதுவும் போதாதென்று தோன்றியது. நேரில் வரலாமா என்று சுபாங்கிக்கு ஆங்கிலத்தில் மெசேஜ் அனுப்பினாள். ஆறு மணிக்குப் பிறகு வரலாம் என்று முகவரியோடு பதில் வந்தது.

மணியை அடித்ததும் வீட்டுக் கதவு திறந்தது. திறந்தவர் படத்தில் இருந்தவர்.

நிலாணி ஓரடி பின்னுக்கு நகர்ந்தாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு பூங்கொத்தைப் பார்த்தார்.

"உள்ளுக்கு வாரும் பிள்ளை. பூ நல்லாயிருக்கு."

உள்ளேயிருந்து சுபாங்கி கைநிறையக் கரியோடு ஓடிவந்தாள். "ஓ மை கோட், நீங்கள்தானே நிலாணி? அப்பா, மை ஃபர்ஸ்ட் ஃபான்!"

குடிவந்தபோது கொண்டுவந்த பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படாமல் சுவரோரம் கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு சோபா. நிலாணி அதில் இருக்குமுன்பே சுபாங்கி தன் போனை நீட்டினாள்.

"லுக்! நூறு கொமென்ற்ஸ். முந்தி என்ர படத்துக்குப் பத்து வந்தாலே பெரிய விஷயம். எனக்குத் தமிழ் வாசிக்க வராது. பட் பாருங்கோ, எல்லாரும் பூப் போட்டிருக்கினம், கும்பிட்டிருக்கினம். சோ ஸ்வீற்! எல்லாத்துக்கும் ஹார்ட் போட்டிட்டன்."

'ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம்' என்பதற்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். 'இறுதிக் கிரியை எப்போது?' என்பதற்குப் பக்கத்திலும் ஒன்று.

"கீழ தமிழில எழுதினது ஆர்?" நிலாணி மெல்லக் கேட்டாள்.

"அப்பாதான் ரைப் பண்ணித் தந்தவர். ஏதும் எழுதித் தாங்கோ எண்டு கேட்டனான். பொயற்றிக்தானே?"

இந்த வயதுக்காரர்களுக்கு எழுத்துத் தமிழ் என்றாலே மரண அறிவித்தல்தான் என்று நிலாணி நினைத்துக்கொண்டாள்.

மேசையில் கிடந்த விநாயகமூர்த்தியின் போன் அடித்தது. அவர் இலக்கத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். "விக்கிற ஆக்கள். நேற்றுத் தொடக்கம் ஒரே கரைச்சல்."

சுவரில் மாட்டியிருந்தது ஒரே ஒரு பழைய படம். அளவு பொருந்தாத தடித்த ஜாக்கெற்றுகளுக்குள் இரண்டு இளைஞர்கள், தோளில் கைபோட்டபடி ஒரு படிக்கட்டில் நின்றார்கள்.

"அப்பாவும் பெரியப்பாவும். கனடாவுக்கு வந்த புதுசு," என்றாள் சுபாங்கி. "பெரியப்பா இன்னும் பார்க்டேலிலதான். பட் நான் கண்டதே இல்லை. ஏதோ கலியாணவீட்டுச் சண்டையாம். ரெண்டு பேரும் கதைக்கிறேல்லை."

"உந்தக் கதை இப்ப என்னத்துக்கு? போய்த் தேத்தண்ணியைப் போடம்மா. கரிக்கையைக் கழுவிப்போட்டு."

சுபாங்கி சிரித்துக்கொண்டே குசினிக்குள் போனாள். அவர் நிலாணியின் பக்கம் திரும்பினார்.

"உம்மட போனில ஒருக்காப் பாரும் பிள்ளை. புதுசா ஆரும் எழுதியிருக்கினமே?"

"ரெக்ஸ்டேலில இருந்து நிதுசன் எண்டு ஒராள். பிறகு ரதி எண்டு ஒரு அன்ரி."

"வேற?"

"வேற ஒருத்தரும் இல்லை, அங்கிள்."

அவர் சாய்ந்து இருந்தார். படத்தில் கண்ட அதே களைப்பு.

பாவம், மனிதருக்கு ஒன்றும் தெரியாது. சொல்லாமல் போனால், நாளைக்கு யாராவது மலர்வளையத்தோடு வந்து இந்தக் கதவைத் தட்டுவார்கள். தான் சொல்வது சரியா, பிழையா என்று நிலாணிக்குத் தெரியவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"அங்கிள், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் எழுதிக் குடுத்தது மரண அறிவித்தல் மாதிரி இருக்கு. சனம் நீங்கள் மோசம் போயிட்டீங்கள் எண்டு நினைச்சிட்டுது. நானும் அப்பிடி நினைச்சுத்தான் வந்தனான். சுபாங்கியிட்டச் சொல்லி அதை இப்பவே எடுப்பிப்பம்."

விநாயகமூர்த்தி குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு எடுப்பம் பிள்ளை. அண்ணை இன்னும் எழுதேல்லை."