மாடியில் கூட்டம்

“இன்னிக்காவது ஏறித் தொலை தம்பி. மாடிதானே, மலையா?”

“ஏறுறேன் வாட்ச்மேன் அண்ணே. இந்த டீயை முடிச்சுக்கிறேன்.”

“போன வாரமும் இதையேதான் சொன்ன. டீ ஆறிப்போச்சு, நீ இடத்தை விட்டு அசையல.”

வெல்டர் டீயை இன்னொரு முறை ஊதினான். நாள் முழுக்க நெருப்புப் பொறிக்கு நடுவில் நிற்கிறவன். ஆனால் மாடியில், குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடுகிற அந்த அறைக்குப் போய், முன்பின் தெரியாதவர்கள் முன்னால் எழுந்து நின்று, ‘நான் ஒரு குடிகாரன்’ என்று சொல்வதை நினைத்தாலே கீழ்ப்படியோடு நின்றுவிடுவான்.

முதல் தடவை இந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே படாத பாடு பட்டிருந்தான். பல் டாக்டருக்கு மேல்மாடி என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. கூட்டத்துக்கு வழி கேட்க வாய் வரவில்லை. பல் டாக்டரைக் கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்தான். பல்வலிக்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

அன்று படிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் காக்கிச் சட்டையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“வாட்ச்மேன் அண்ணே, மேலே ஆரம்பிச்சாச்சா?”

“ஆரம்பிச்சிருப்பாங்க. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிட்டுப் போ.”

அன்று வாங்க ஆரம்பித்த மூச்சு மூன்று மாதமாகியும் அடங்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் வருவான். கீழ்ப்படியில் உட்காருவான். மேலேயிருந்து யாராவது இறங்கி வருவதற்குள் நழுவிவிடுவான்.

காக்கிச் சட்டைக்காரரிடம் பேசுவது மட்டும் கஷ்டமாகவே இல்லை. சம்பளத்தன்று கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பியதையும், மகளின் பள்ளிக்கூட வாசலில் தள்ளாடி நின்றதையும் கொட்டித் தீர்த்துவிட்டான். அவர் ‘ஐயோ பாவம்’ என்றும் சொல்லவில்லை, ‘சீ’ என்றும் சொல்லவில்லை.

“பொழுது சாயற நேரம்தான் கண்டம். அப்ப வயித்தைக் காலியா வைக்காத,” என்பார். “ஆயுசுக்கும் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணாத. இன்னிக்கு வேணாம்னு மட்டும் சொல்லிக்க.”

அப்படியே செய்தான். இந்த மூன்று மாதத்தில் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

அதை நம்பத்தான் ஆளில்லை. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். “ஒழுங்காக் கூட்டத்துக்குப் போங்க. நடத்துறவர் வாயால கேட்டாத்தான் திரும்பி வருவேன். உங்க வாயை நான் நம்பறதா இல்ல,” என்று சொல்லிவிட்டாள். வாராவாரம் போனில், “போயிட்டு வந்தேன்” என்றான் இவன். முழுப் பொய்யும் இல்லை, முழு நிஜமும் இல்லை.

இன்று அவளே விசாரிக்க வருகிறாள்.

“இன்னிக்கு அங்க தலையைக் காட்டலைன்னா என் குடும்பம் போச்சுண்ணே.”

“என்னத்தைச் சொல்லப் போற பெருசா? ஒரு வரி. இங்கயே சொல்லிப் பாரு.”

“உங்ககிட்ட சொல்லி என்னண்ணே பிரயோஜனம்?”

“அதுவும் சரிதான். எழுந்திரு.”

ஏறினான். திருப்பம் வரைக்கும் போனான். மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், போன வேகத்தில் இறங்கினான்.

கீழே மனைவி நின்றிருந்தாள்.

“என்ன, கூட்டம் அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?”

இவன் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெரியவர் கையில் பூட்டோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

“ஐயா, கூட்டம் நடத்துறது நீங்கதானே? இவர் என் வீட்டுக்காரர். வாராவாரம் வர்றாருங்களா?”

பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். “இல்லையேம்மா. இவரை நான் பார்த்ததே இல்லை.”

அவள் கத்தவில்லை. கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். கத்தியிருந்தால் தேவலை.

“வாட்ச்மேன் அண்ணே, நீங்களாவது சொல்லுங்கண்ணே!”

“எந்த வாட்ச்மேன்?” என்றார் பெரியவர். “இந்தக் கட்டடத்துக்கு ஏது வாட்ச்மேன்?”

நாற்காலியில் இருந்தவர் எழுந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், தரையைப் பார்த்துப் பேசினார்.

“நான் வேன் ஓட்டுறவன்மா. குடிகாரன். இந்தக் கூட்டத்துக்குன்னுதான் வந்தேன். படியேற தைரியம் வரல, நாற்காலி கிடந்துச்சு, உட்கார்ந்துட்டேன். இவர் வந்து வாட்ச்மேன்னு கூப்பிட்டாரு. எனக்கும் அது சவுகரியமாப் போச்சு. இவர் வருவாரேன்னுதான் நானும் வாராவாரம் வந்தேன். அவரும் தொடல, நானும் தொடல.”

பெரியவர் வெல்டரைப் பார்த்தார். வேன்காரரைப் பார்த்தார். பூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“மேலே நாற்காலியெல்லாம் விரிச்சுப் போட்டுட்டு மூணு மாசமா ஒத்தையா உட்கார்ந்திருக்கேன். ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கலையேன்னு இன்னியோட மூடிட்டுப் போகலாம்னு இறங்கினேன்.” அவர் அவள் பக்கம் திரும்பினார். “முதல்ல சொன்னது தப்பும்மா. உங்க வீட்டுக்காரர் ஒரு வாரம் தவறாமக் கூட்டத்துக்கு வந்திருக்கார். வராம இருந்தது நான்தான்.”