வெள்ளை மனசுப் பொத்தான்

தாலி கட்டியதும் புருஷன் தன் மனசுப் பொத்தானைப் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட வேண்டும். அழுத்தினால் மனசுக்குள் இருப்பது அவன் தலைக்கு மேல் எழுத்துப் பெட்டியாக விரியும். அந்தப் பொத்தான்களுக்கு நிரல் எழுதுவதே சந்திரமோகனின் உத்தியோகம். அவன் கொடுத்ததைப் பூங்கோதை ஒன்பது வருஷமாக அழுத்தியும் ஒரு வரி விரிந்ததில்லை.

"உள்ளே ஒண்ணுமில்ல கோதை, வெள்ளை மனசு," என்பான். அவளும் அதைக் கட்டிடம் முழுக்கப் பெருமையடித்துத் திரிந்தாள்.

நேற்று மாடிவீட்டு ஹேமாவிடம் உறைமோர் வாங்கப் போனால், சோபாவில் சந்திரமோகன். தலைக்கு மேல் பெட்டி நிறைய எழுத்து. பழக்கதோஷத்தில் தன் பொத்தானை அழுத்தினாள். பெட்டி பட்டென்று மூடிக்கொண்டது.

"ஓ, எனக்குக் கொடுத்தது மூடறதுக்கு மட்டுந்தானா?"

ஹேமா தன் கையிலிருந்த பொத்தானை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"ஒளிக்காதீங்கக்கா, இன்னொரு வாட்டி அழுத்துங்க. என் புருஷன் மனசை நானும் ஒருதடவை படிச்சுக்கிறேன்."