கிளச்சின் மேல் வைத்த கால்

"வண்டி மேல தப்பு இல்ல சார். ஓட்றவன் கால் மேலதான் தப்பு."

மெக்கானிக் தானியேல் இப்படிச் சொன்னதும், ஜெகந்நாதன் தம் டிரைவர் செங்கேணியைத் திரும்பிப் பார்த்தார். செங்கேணி தரையைப் பார்த்தான்.

சில நாட்களாகவே அந்தப் பழைய அம்பாஸடருக்கு ஒரு வியாதி. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் ஓலமிடும். வண்டியோ நகர மனமின்றி ஊரும். ஏரிக்கரை மேட்டில் ஏறினால் கருகல் நாற்றம் வேறு.

"ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் புடிச்சிக்கினு, டாப் கியர்ல போட்டு, கிளச்சை வுட்டுப் பார்த்தேன் சார். நல்ல வண்டின்னா பொட்டுனு இன்ஜின் நின்னுபூடணும். இது இன்னாடான்னா நிக்காம உறுமிக்கினே கீது. கிளச்சு பிளேட்டு தேஞ்சு வழுக்குது."

"போன ஆடியிலேதானே புதுசு போட்டோம்?"

"அதான் சொல்றேன். வருஷக்கணக்கா வரவேண்டிய பிளேட்டு. கிளச்சு மேலயே காலை வச்சிக்கினு ஓட்டினா எப்டித் தாங்கும்? டிரைவரை மாத்துங்க. இல்லாங்காட்டி அடுத்த பிளேட்டுக்கும் இதே கதிதான்."

"என்னடா செங்கேணி, வாயிலே கொழுக்கட்டையா?"

"தப்புதான் சாமி."

"அப்போ தெரிஞ்சேதான் பண்றியா?"

இல்லையென்று அவன் ஒரு வார்த்தை மறுத்திருந்தால்கூட அவருடைய கோபம் பாதி தணிந்திருக்கும்.

"பிளேட்டு காஞ்சிவரத்துலேர்ந்து திங்கக்கிழமைதான் வரும். அதுவரைக்கும் மேட்டுல ஏத்தாம மெதுவா ஓட்டுங்க" என்றான் தானியேல்.

அன்று சனிக்கிழமை. ஜெகந்நாதனின் மனைவி நாச்சியார் திருமுக்கூடல் பெருமாளைச் சேவிக்கச் செல்லும் நாள். முதுகு வலியால் சுவரைப் பிடித்தே நடமாடும் அந்த அம்மாள், வாரத்தில் வாசற்படியைத் தாண்டுவது அந்த ஒரு நாள்தான்.

ஜெகந்நாதன் வழக்கத்துக்கு மாறாக முன் சீட்டில் ஏறி அமர்ந்தார்.

"உன் காலைத்தான் பார்த்துண்டு வரப்போறேன். கியர் மாத்தறப்போ தவிர ஒரு தரம் அது கிளச்சு மேலே இருந்துதோ, நாளையிலேர்ந்து உனக்கு வேலை இல்லே."

"கட்டிக் குடுக்க வேண்டிய பொண்ணு கீது சாமி."

"அதை உன் காலுக்குச் சொல்லு."

பட்டறையிலிருந்து வீடு வரும் வரையில் செங்கேணியின் இடது கால் தரையிலேயே கிடந்தது. பள்ளங்களில் வண்டி வெட்டி வெட்டிக் குதித்தது. ஒரு குலுக்கலில் ஜெகந்நாதனின் தலை கூரையில் இடித்தது. ஆனாலும் அவருக்குத் திருப்தி. பயம் இருந்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது!

நாச்சியார் மெல்ல வந்து பின் சீட்டில் ஏறினாள்.

"ஏன்னா, இன்னிக்கு என்ன முன்னாடி போய் உக்காந்துண்டேள்?"

"சும்மாத்தான். காத்து வரட்டுமேன்னு."

வீட்டில் இரவெல்லாம் உட்கார்ந்தபடியே திருநாமம் சொல்லிப் பொழுதைக் கழிப்பவள் நாச்சியார். படுத்தால் வலி பொறுக்காது. காரில் ஏறினால் மட்டும் கண்ணயர்ந்துவிடுவாள். எல்லாம் தாம் மெட்ராஸில் தேடிப் பிடித்துப் பின் சீட்டுக்கென்று வாங்கிவந்த ரப்பர் மெத்தையின் மகிமை என்று ஜெகந்நாதன் காண்போரிடமெல்லாம் சொல்லிக்கொள்வார்.

ஊரைத் தாண்டியதும், மழையில் அரித்த சாலை. முதல் பள்ளம் வந்தது.

செங்கேணியின் இடது கால் எழுந்தது. கிளச்சின் மேல் அமர்ந்தது. அரைக் கிளச்சில் வண்டி பள்ளத்துக்குள் நழுவி இறங்கி, ஓசையின்றிக் கரையேறியது. அடுத்த பள்ளம். கால் அங்கேயேதான் இருந்தது.

"செங்கேணி!"

"தெரியுது சாமி."

அவன் கழுத்தில் வியர்வை வழிந்தது. பார்வை சாலையை விட்டு அகலவில்லை. கால் கிளச்சை விட்டு இறங்கவில்லை.

எவ்வளவு நெஞ்சழுத்தம்! 'பார்த்தாயா இவன் செய்கிற காரியத்தை' என்று மனைவியிடம் முறையிடத் திரும்பினார் ஜெகந்நாதன்.

நாச்சியார் சிறு குழந்தையைப் போல் வாய் சற்றே திறந்திருக்க, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் அமர்ந்திருந்தது வெறும் சீட்டில். பட்டறையில் எண்ணெய்க் கறை படுமே என்று காலையில் அவரே எடுத்து வீட்டில் வைத்த மெத்தை, வீட்டிலேயே இருந்தது.

உற்சவ காலத்தில் பெருமாளின் பல்லக்குக்கு முன்னே நடந்து, "மெள்ள, மெள்ள! திருமேனி அலுங்கப்படாது!" என்று சுமப்பவர்களை அதட்டுகிறவர் ஜெகந்நாதன். வழியில் கல்லைக் கண்டால் அவர்கள் முழங்காலைத் தளர்த்தி அடியெடுத்து வைக்கும் விதம் அவர் கண்முன் வந்து நின்றது.

அவர் செங்கேணியின் பக்கம் சாய்ந்தார். கிசுகிசுப்பாகக் கேட்டார்.

"ஏண்டா, இதை அங்கேயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"சொன்னா அம்மா காதுக்குப் பூடும் சாமி. என்னாலதான் வண்டி கெட்டுப்போவுதுன்னு கோயிலுக்கு வர்றதையே நிறுத்திக்குவாங்க... கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. இப்பதான் தூங்கினாங்க."

திங்கட்கிழமை. அம்பாஸடருக்கு அடியில் படுத்துப் புதுப் பிளேட்டைப் பொருத்திக்கொண்டிருந்த தானியேல் தலையை நீட்டினான்.

"இன்னா சார், டிரைவரை மாத்திட்டீங்களா?"

"இல்லேப்பா. இனிமே வருஷா வருஷம் ஆடியிலே பிளேட்டை மாத்திடு."

தானியேல் விழித்தான். ஜெகந்நாதன் கையோடு கொண்டுவந்திருந்த ரப்பர் மெத்தையை அவனிடம் நீட்டினார்.

"வண்டிக்கு அடியிலே படுக்கறப்போ இதைப் போட்டுக்கோ. எங்க கார்லே இதுக்கு ஒரு வேலையும் இல்லே."