நசுங்கிய கேபிள்

நான்கு இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்ஜியம் இருந்தது.

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சர்வர் அறைத் திரையை மறுபடி பார்த்தாள்.

பூஜ்ஜியம்தான்.

சர்வரிலிருந்து நெட்வொர்க் ஸ்விட்சுக்கு இரண்டு கேபிள்கள். இரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்து வேலை செய்ய, இரு பக்கமும் ஒரே முறையைச் சொல்லி வைக்க வேண்டும். ஸ்விட்சில் சரியாக இருந்தது. சர்வரில் அந்த முறைக்கான எண் தவறு. அதனால்தான் மூன்று வாரமாக மருத்துவமனையில் ஸ்கேன் படங்கள் பாதியில் நின்றன.

சர்வரில் அந்த எண்ணை அடித்தவள் அவள்தான்.

கேபிளில்தான் கோளாறு என்று மேலாளரிடம் அடித்துச் சொன்னவளும் அவள்தான்.

மாசிலாமணி அங்கே பதினோரு வருடமாகக் கேபிள் இழுக்கிறவர். ஐம்பத்து நான்கு வயதில் பொய்க்கூரைக்குள் தவழ்ந்து, அதே கேபிளை மூன்று முறை மாற்றினார். டெஸ்டரில் எல்லா விளக்கும் எரிகிறதே என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்று காலை அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

அவள் பூஜ்ஜியத்தை அழித்து நான்கு என்று அடித்தாள்.

படங்கள் மளமளவென்று வந்தன.

சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

பயம் அப்புறம்தான் வந்தது. அறிக்கையில் என்ன எழுதுவது?

அந்த இரண்டில் ஒரு நீலக் கேபிளைக் கழற்றிக் கூரையிலிருந்து முழுதாய் உருவினாள். முனையில் ஒட்டிய சீட்டில் அவருடைய குண்டு எழுத்து. தேதி, பெயர். அவர் இழுக்கும் ஒவ்வொரு கேபிளிலும் இருக்கும்.

அவருடைய பை மூலையில் கிடந்தது. கட்டிங் பிளேயரை எடுத்தாள். ஒரு அழுத்தில் நசுங்கவில்லை. நல்ல கேபிள்.

நான்காவது அழுத்தில் நசுங்கியது.

புதுக் கேபிளை இழுத்துச் செருகினாள். பழுதான கேபிள் மாற்றப்பட்டது என்று எழுதினாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

மாசிலாமணி. பையை எடுக்க வந்திருந்தார். மேஜையில் கிடந்த கேபிளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"எங்க போச்சுன்னு காட்டுங்க மேடம். தெரிஞ்சா மனசு ஆறிடும்."

காட்டினாள்.

நசுங்கிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேனே என்றார். கூரைக்குள் ஏதோ கம்பி அழுத்தியிருக்கும் என்றார். மன்னித்துக்கொள்ளச் சொன்னார்.

பரவாயில்லை என்றாள் அவள். கூசவே இல்லை.

அவர் கருவிகளைத் துடைக்காமல் பையில் வைப்பதில்லை. மேஜையில் கிடந்த பிளேயரை எடுத்துத் துடைத்தார்.

அதன் பல்லில் நீலத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது.

அதை நகத்தால் எடுத்தார். கேபிளின் நசுங்கிய இடத்தில் வைத்துப் பார்த்தார்.

அவளைப் பார்க்கவில்லை.

பிளேயரைப் பையில் போட்டார். கேபிளில் இருந்த தன் பெயரைக் கிழியாமல் உரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.