இல்லாத ஸ்க்ரூ

“இந்த வாரமும் ஐடில் கம்மி!” என்று சொல்லிக்கொண்டே அப்பா கார் சாவியை எடுத்தார்.

கணக்கு டீச்சரான மகளுக்குச் சுர்ரென்று ஏறியது. தொடர்ந்து ஆறாவது சனிக்கிழமை!

ஐடில் என்றால், வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடுகிற வேகம். அது டீச்சருக்கே போன மாசம்தான் தெரியும். எல்லாம் அப்பாவின் புலம்பலைக் கேட்டுக் கேட்டு வந்த ஞானம்.

அப்பா முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினவர். ஒரு கீறல் கிடையாது. ஓய்வு பெற்ற கையோடு இடது முட்டி மக்கர் பண்ணியது. கிளட்சே மிதிக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஸ்டியரிங் இல்லாத அப்பாவைப் பார்க்கச் சகிக்காமல்தான் டீச்சர் கிளட்ச்சே இல்லாத இந்த ஆட்டோமேட்டிக் காரை வாங்கிக் கொடுத்தாள்.

“சிக்னல்ல நின்னா உயிர் போற மாதிரி உதறுதும்மா. கிளம்பறப்போ இழுவையே இல்ல. சைக்கிள்காரன் முந்திட்டுப் போறான்.”

“நான் ஓட்டினா நல்லாத்தானேப்பா போகுது?”

“டீச்சரம்மா, நீ போர்டுல கணக்குப் போடற ஆளு. உனக்கு இன்ஜின் சத்தம் என்ன தெரியும்?”

கிளம்பிவிட்டார். தெருமுனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஸ்பேனரிடம்தான். ஸ்பேனர் என்பது பட்டப்பெயர். தச்சர் பென்சில் செருகுகிற மாதிரி, எப்போதும் காதில் ஒரு குட்டி ஸ்பேனரைச் செருகியிருப்பான். வாரா வாரம் அவன் ஒரு ஸ்க்ரூவைத் திருகி ஐடிலை ஏற்றிவிடுவதாக அப்பா சொல்வார்.

டீச்சர் சும்மா விடுகிற ஆளில்லை. வெள்ளிக்கிழமை ஸ்கூல் விட்டதும், மெயின் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த பெரிய சர்வீஸ் சென்டருக்குக் காரை ஓட்டிப் போனாள். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து ஒரு தாளை நீட்டினார்கள். ஐடில் சரி. இழுவை சரி. எல்லாமே சரி.

“வாரா வாரம் ஐடிலைத் திருகி ஏத்தறாங்களே?”

“திருகறதா? இந்த இன்ஜின்ல அதுக்கு ஸ்க்ரூவே கிடையாது மேடம்.”

அவ்வளவுதான். நேராக ஸ்பேனர் கடைக்குப் போய் இறங்கினாள். கடையில் வேறு வண்டி எதுவும் இல்லை. அவன் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்திருந்தான்.

“ஆறு வாரமா எங்கப்பா காதுல பூ சுத்திக்கிட்டு இருக்கியா தம்பி? இல்லாத ஸ்க்ரூவை எப்படித் திருகினே?”

ஸ்பேனர் அவள் நீட்டிய தாளைப் பார்த்தான். திருதிருவென்று விழித்தான்.

“சும்மா கையை உள்ளே விட்டு ஆட்டினேங்க்கா.”

“வெட்கமா இல்ல?”

“கத்தாதீங்க்கா. வண்டியில ஒரு குத்தமும் இல்ல. எல்லாம் ஐயாவோட இடது கால்தான். முப்பத்திரண்டு வருஷம் கிளட்ச் மிதிச்ச கால் இல்லையா, சும்மா கிடக்க மாட்டேங்குது. போய் பிரேக் மேல உக்காந்துக்குது. ஒரு கால் ஆக்சிலேட்டரை மிதிக்குது, இன்னொரு கால் பிரேக்கை மிதிக்குது. வண்டி எங்கேர்ந்து இழுக்கும்?”

“அதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

“அவர் சர்வீஸ் அளவுக்கு எனக்கு வயசே ஆகலை. நான் போய் ‘உங்களுக்கு ஓட்டத் தெரியலை’ன்னு சொல்றதா? சாவியை உங்ககிட்ட குடுத்துட்டு மூலையில உக்காந்துடுவாருக்கா. அப்புறம் எழுந்திருக்கவே மாட்டாரு. அதான் திருகற மாதிரி திருகிட்டு, ஒரு ரவுண்டு பக்கத்துல உக்காந்து போவேன். ‘ஐயா, அங்க ஒரு ஒயர் லூசா இருக்கு, இடது காலைப் பின்னாடி மடக்கி வெச்சுக்குங்க’ன்னு சொல்லிச் சொல்லிப் பழக்கறேன். ரெண்டு மூணு வாரத்துல சரியாயிடும். தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க்கா.”

டீச்சர் தாளை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் அப்பா சாவியை எடுத்ததும், “நானும் வரேம்ப்பா” என்று பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

கார் வழுக்கிக்கொண்டு போனது. சிக்னலில் பச்சை விழுந்ததும் பக்கத்து பைக்கை முந்திக்கொண்டு பாய்ந்தது. டீச்சர் ஓரக்கண்ணால் கீழே பார்த்தாள். அப்பாவின் இடது கால் சமர்த்தாக சீட்டுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது.

“ஸ்பேனர் சரி பண்ணிட்டான் போலிருக்கேப்பா.”

“அவன் எங்கே பண்ணினான்? என் கால்தான் பிரேக் மேல கிடக்குதுன்னு முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு. அன்னிக்கே மடக்கிட்டேன்.”

“அப்புறம் எதுக்குப்பா வாரா வாரம் அங்கே ஓடறீங்க?”

“அந்தப் பெரிய சர்வீஸ் சென்டர் வந்ததுலேர்ந்து அவன் கடைக்கு ஈ காக்கா வரலைம்மா. தங்கமான கை. ஆனா காலியாக் கிடக்கற கடையில எவன் வண்டியை விடுவான்? வாசல்ல ஒரு கார் நின்னாத்தான் நாலு கார் வரும். போன வாரம் ரெண்டு வந்துச்சு தெரியுமா!”

“அவன் கூடவே உக்காந்து வரானே, கண்டுபிடிச்சுட மாட்டானா?”

“அதுக்குத்தான் அவன் ஏறினதும் இடது காலை லேசா பிரேக் மேல வெச்சுக்குவேன். நீ பாட்டுக்கு எதையாவது உளறி வெக்காதே. பாவம், மனசு கஷ்டப்படுவான்.”

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

ஒர்க்‌ஷாப் வாசலில், ரோட்டில் போகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி அப்பா காரை நிறுத்தினார். ஓடி வந்த ஸ்பேனர், உள்ளே டீச்சரைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனான்.

டீச்சர் கண்ணாடியை இறக்கினாள்.

“என்ன தம்பி வேலை பாக்கறே? இந்த வாரமும் ஐடில் கம்மி!”