இருமியவள்

குட்டி செத்த பிறகும் தாய்க் கொரில்லா அதைக் கீழே வைக்கவில்லை.

தோளில் போட்டுக்கொண்டே தழையைப் பிய்த்துத் தின்றது. குட்டியின் கை தொங்கி ஆடியது.

கன்யேசிகே தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிவிண்டி காட்டில் இந்தக் கொரில்லாக் குடும்பத்தைத் தினமும் தேடிப்பிடித்துக் காவல் காப்பது அவர் வேலை. குட்டி பிறந்ததை முதலில் கண்டவரும் அவர்தான்.

"மனுசங்ககிட்டேருந்து ஒட்டின சளி," என்றார் கால்நடை மருத்துவர். "நமக்கு மூக்கு ஒழுகுறதோட போயிடும். இதுங்களுக்கு உயிரே போயிடுது."

யாரிடமிருந்து என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும்.

நின்சீமா. சுற்றுலாக்காரர்களின் பைகளைச் சுமந்து மலையேறுகிறவள். குட்டி நோயில் விழுவதற்குச் சில நாள் முன்பு ஏறும்போது அவள் இருமியது எல்லார் காதிலும் விழுந்தது. அடுப்புப் புகை என்றாள். யார் நம்பினார்கள்? குட்டி நோயில் படுத்ததும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சந்தைக்குப் போனால், "குட்டிய முழுங்கினவ வர்றா பாரு" என்றார்கள்.

காட்டோரத் தேயிலைச் சரிவில் இவர்கள் இறங்கி வந்தபோது அவள் காத்து நின்றாள்.

"அண்ணா, நான் பைய எறக்கிட்டு ஓடைக்கு இந்தப் பக்கமே நின்னுட்டேன். கிட்டவே போகல. ஆனா எல்லாரும் சொல்றாங்களே, என்னாலதான் இருக்கும். அது உங்க பிள்ளை மாதிரி. மன்னிச்சிருங்கண்ணா."

"அவரு பெரிய மனசுக்காரரு, மன்னிச்சிருவாரு," என்றான் கூட வந்த காவலாளி.

எல்லாரும் கன்யேசிகேயின் முகத்தையே பார்த்தார்கள்.

"விடும்மா," என்றார். "தெரிஞ்சா செஞ்சே?"

அவள் அவர் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு அழுதாள். அவரால் அதை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

நின்சீமா இருமிக்கொண்டே மலையேறிய அந்த நாள் விடியும்போதே கன்யேசிகேக்கு உடம்பு கொதித்தது. போக வேண்டாமென்று மனைவி வழிமறித்தாள். குட்டி மடியைவிட்டு இறங்கி நடக்கப்போகிற நேரம், எப்படி வீட்டில் கிடப்பது? யாரிடமும் சொல்லாமல் போனார். புதருக்குள் உட்கார்ந்து, சட்டைக் கையை வாயில் அழுத்தி இருமலை அடக்கினார். மூச்சு முட்டியது. முகக்கவசத்தை இறக்கினார். உடனே இருமல் வெடித்துவிட்டது.

சத்தம் வந்த பக்கம் குட்டி திரும்பிப் பார்த்தது.

பிறகு தள்ளாடித் தள்ளாடி, அவரை நோக்கி நடந்து வந்தது.